நிரந்தரமா, நிலையானதா, நித்தியமா?

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதுகிறார். ஒரு வருஷத்துக்குப் போட்டு வைக்கும் பணத்தை 'நிரந்தர வைப்பு' என்பதா, 'நிலையான வைப்பு' என்பதா என்று அவருக்குக் குழப்பம். இன்னொருவரின் மகளுக்குக் கனடாவில் தங்கிக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. ஊர்ச் சங்க மலரில் போடுவதற்காக 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதி வைத்திருந்தார். மூன்றாமவர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கம். அப்பாவின் கல்லறைக் கல்லில் வெட்ட நாலு வார்த்தை வேண்டும். "நித்தியன்னு ஆரம்பிச்சா பழைய வாசனை அடிக்குது, நிரந்தரன்னா ஏதோ ஆபீஸ் மாதிரி இருக்கு, நிலையானன்னா உப்புச்சப்பே இல்ல சார்" என்றார்.

மூன்று பேரும் அகராதி பார்த்தவர்கள்தாம். நிரந்தரம் என்று தேடினால் நிலையானது என்று வரும். நிலையானது என்று போனால் நித்தியம். நித்தியத்தில் சாசுவதம். அங்கிருந்து மறுபடியும் நிரந்தரம். செக்குமாடு மாதிரி சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம். ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் இந்தச் சொற்களை நாம் மாற்றி மாற்றிப் போடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் பார்ப்பது எதிர்ச்சொல்லை. 'நிரந்தரம்' என்றதும் எதிரே வந்து நிற்பது 'தற்காலிகம்'. 'நிலையான' என்றால் எதிரே இருப்பது ஆட்டங்காண்பது, மாறிக்கொண்டே இருப்பது. 'நித்தியம்' என்றால் 'அநித்தியம்', அதாவது ஒருநாள் இல்லாமலே போய்விடுவது. நீங்கள் சொல்ல வந்ததற்கு இவற்றில் எது எதிரி என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, அதை நிற்க வைப்பது யார்? மலை தானாக நிற்கிறது. வேலையை ஓர் உத்தரவு நிற்க வைக்கிறது. கோயில் விளக்கை யாரோ ஒருவர் தினமும் நெய் ஊற்றி நிற்க வைக்கிறார்.

மூன்றாவது காலக்கணக்கு. முதிர்வுத் தேதி வரையா, ஓய்வு பெறும் வரையா, ஆயுளுக்குமா, உலகம் உள்ள வரையா? நான்காவது, படிப்பவர் எந்த ஊர்க்காரர் என்பது. மதுரையில் இயல்பாக இருக்கும் சொல் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் வேறாகிவிடும். கடைசியாக ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை: அந்தச் சொல் கிளைவிடுமா? வினையாக, பெயராக, எதிர்மறையாக வளைந்து கொடுக்குமா, இல்லை ஒரே விறைப்பாக நிற்குமா?

நிரந்தரம்: ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்குவது

வடமொழியில் 'நிர்' என்றால் இல்லாத, 'அந்தரம்' என்றால் இடைவெளி. ஆக, இடைவெளி இல்லாதது நிரந்தரம். பிறந்தபோது அதன் பொருள் 'இடைவிடாமல்' என்பதுதான், 'முடிவே இல்லாமல்' என்பதல்ல. பக்கத்து மொழிகள் அந்தப் பழைய பொருளை விடவில்லை. மலையாளத்தில் நிரந்தரம் என்றால் ஓயாமல், திரும்பத் திரும்ப. நாம் நிரந்தர வேலை என்பதற்கு அவர்கள் 'ஸ்திரம்' என்பார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் நிரந்தர முகவரிக்கு 'சாசுவத' என்ற சொல் வரும். இந்தியில் 'ஸ்தாயி'. நாம்தான் இடைவிடாததை எடுத்து எப்போதைக்குமானது என்று ஆக்கிக்கொண்டோம். கேரளத்துக்காரர் ஒருவர் "நிரந்தரம்" என்று சொன்னால் அவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இன்றைய தமிழில் இது முழுக்க முழுக்கப் படிவச் சொல், உத்தரவுச் சொல். நிரந்தர முகவரி, நிரந்தரக் கணக்கு எண், நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு), ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகள். எதை எடுத்தாலும் கொடுக்கும் இடம் ஒன்று, வாங்கும் இடம் ஒன்று. போராட்டப் பந்தலில் 'பணி நிரந்தரம் செய்' என்று எழுதுகிறார்களே தவிர 'பணியை நிலையாக்கு' என்று யாரும் எழுதுவதில்லை. பகுதிநேர ஆசிரியர்கள், ஒப்பந்தச் செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள் என்று சொல்லிச் சொல்லியே 'பணிநிரந்தரம்' ஒற்றைச் சொல்லாகிவிட்டது. அது கிடைத்தவருக்கும் தமிழ்நாடு அரசுப் பணியில் 60 வயதோடு சரி. சில வருஷங்களுக்கு முன்புவரை 58. ஆனாலும் இதில் ஏமாற்று இருப்பதாக யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் எதிரே நிற்பது சாவு இல்லை, 'தற்காலிகம்'.

இந்தச் சொல்லில் மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், கொடுப்பவரால் காப்பாற்ற முடியாத அளவுக்கு அது வாக்குக் கொடுத்துவிடும். 1793-இல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த நிலவரி ஏற்பாடு 1802-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜமீன்தார் கட்ட வேண்டிய தொகை இனி என்றைக்கும் மாறாது என்பதுதான் அதன் சாரம். 1948-இல் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று ஜமீன்களையே எடுத்துவிட்டது. நூற்றைம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதை 'நிரந்தர நிலவரித் திட்டம்' என்றும் எழுதுகிறார்கள், 'நிலையான நிலவரித் திட்டம்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மாறாமல் நின்றது தொகை, திட்டம் அல்ல.

அரசியலிலும் ஓர் உதாரணம் உண்டு. 2017 செப்டம்பரில் அ.தி.மு.க. பொதுக்குழு மறைந்த ஜெயலலிதாவையே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று தீர்மானித்தது. 2022 ஜூலையில் அதே கட்சியின் பொதுக்குழு இடைக்காலப் பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுத்தது. யார் சரி, யார் தவறு என்பது இங்கே பேச்சில்லை. தீர்மானம் போட்டு வந்த நிரந்தரம் இன்னொரு தீர்மானத்தில் போகும் என்பதுதான் நான் கவனித்தது.

ஒருமுறை தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா ஒருவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். நிரந்தர முகவரிக் கட்டம் வந்ததும் நிறுத்தினார். "நாப்பது வருஷமா வாடகை வீடுதான் தம்பி. நிரந்தரத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார். ஊர் முகவரியைச் சொல்லச் சொன்னேன். "அங்க வீடே இடிஞ்சுபோச்சே." கடைசியில் இடிந்த வீட்டின் முகவரியைத்தான் எழுதினோம். படிவம் ஏற்றுக்கொண்டது.

(இடையே ஒரு சின்ன விஷயம். நிரந்தரப் பணி, நிரந்தரக் கணக்கு என்று ஒற்றுப் போட்டு எழுதுவதே முறை. மரம், பலகை சேர்ந்தால் மரப்பலகை ஆவதைப் போலத்தான். அரசுப் படிவங்களில் இந்த ஒற்றைப் பெரும்பாலும் காண முடிவதில்லை.)

நிலை: சொந்தக் காலில் நிற்பது

இந்தக் குடும்பத்துக்கு வேர் 'நில்'. அதிலிருந்து நிலை, நிலைப்பு, நிலைபேறு, நிலைநாட்டு, நிலைகுலை, நிலையாமை என்று பெருங்குடும்பமே கிளைத்திருக்கிறது. கிளைவிடுமா என்ற சோதனையில் நிரந்தரம் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. 'நிரந்தரமாக்கு' என்பதற்கு மேல் அதைக் கொண்டு வேறென்ன செய்ய முடிகிறது? வாசற்கதவைத் தாங்கும் சட்டம் நிலை. ஊர் சுற்றிய தேர் நிலைக்கு வருகிறது. ஆற்றில் இறங்குபவர் கால் தரையில் பட்டால் "நிலை இருக்கு" என்கிறார். கால் ஊன்றி நிற்பது என்ற அந்த உடம்பு அனுபவம்தான் இந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது.

குறளில் 34-ஆம் அதிகாரத்தின் பெயரே நிலையாமை. அதன் முதல் குறள், 'நில்லாத வற்றை நிலையின என்றுணரும் / புல்லறி வாண்மை கடை'. நில்லாதது, நிலையினது என்று ஒரே வேரை எதிரெதிராக நிறுத்தி விளையாட இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. அதே அதிகாரத்தில் 'அற்கா இயல்பிற்றுச் செல்வம்' என்றும் ஒரு குறள் தொடங்கும். 'அல்கு' என்றால் தங்கு. அற்கா என்றால் தங்காத. புறநானூற்றின் 165-ஆம் பாட்டில் பெருந்தலைச்சாத்தனார் இன்னொரு சொல்லை எடுக்கிறார்: 'மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் / தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே'. மன்னுதல் என்றால் நிலைபெறுதல். நிலைக்காத உலகத்தில் நிலைக்க நினைத்தவர்கள் தங்கள் புகழை நிறுத்திவிட்டுத் தாங்கள் மாய்ந்துபோனார்கள் என்கிறது பாட்டு. அல்குதலும் மன்னுதலும் இன்று வழக்கில் இல்லை. அவை செய்த வேலையும் சேர்ந்து 'நிலை' தலையில் விழுந்திருக்கிறது.

சிக்கலும் அங்கேதான். 'நிலையான' இன்று அளவுக்கு மீறிச் சுமக்கிறது. நிலையான ஆட்சி என்றால் கவிழாத ஆட்சி. நிலையான வேகம் என்றால் கூடாமல் குறையாமல் போகும் வேகம். நிலையான விலை என்றால் பேரம் இல்லாத விலை. இவை எதிலும் 'எப்போதைக்கும்' என்ற பொருள் இல்லை. தேர்தல் மேடையில் 'நிலையான ஆட்சி தருவோம்' என்றால் கை தட்டுவார்கள். 'நிரந்தர ஆட்சி தருவோம்' என்று யாராவது சொன்னால் கேட்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

இந்தச் சுமையால் உருவான குழப்பத்துக்கு நல்ல உதாரணம் ஐ.நா. 2015-இல் ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சி இலக்குகள். தமிழ்நாட்டில் 'நிலையான வளர்ச்சி' என்று ஒரு பக்கம், 'நீடித்த வளர்ச்சி' என்று இன்னொரு பக்கம், இரண்டையும் சேர்த்து 'நீடித்த நிலையான வளர்ச்சி' என்று ஒரு சமரசம். இலங்கையில் 'நிலைபேறான அபிவிருத்தி'. 'நிலையான வளர்ச்சி' என்று மட்டும் போட்டால், வருஷா வருஷம் ஒரே அளவில் வளர்வது என்றுதான் முதலில் படுகிறது. நாளைய தலைமுறைக்கும் மிச்சம் வைப்பது என்ற கருத்து அதில் வரவே இல்லை. இந்த இடத்தில் இலங்கைக்காரர்கள் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். நிலைபேறு என்ற சொல்லை வேறு எதற்கும் செலவழிக்காமல் வைத்திருந்து சரியான இடத்தில் இறக்கினார்கள். அவர்கள் நாடாளுமன்றத்தின் நடைமுறை விதிகளுக்கு 'நிலையியற் கட்டளைகள்' என்று பெயர் வைத்ததும் அப்படித்தான்.

ஆகவே தானாக நிற்பதற்கும், அசையாததற்கும், அளவு மாறாததற்கும் 'நிலையான' போடலாம். காலம்தான் முக்கியம் என்றால் 'நிலைத்த', 'நிலைபேறான' என்று ஒரு படி இறங்கிப் போங்கள். 'நிலைத்த புகழ்' என்பதில் வரும் அழுத்தம் 'நிலையான புகழ்' என்பதில் கொஞ்சம் குறைவு என்றே என் காதுக்குப் படுகிறது.

நித்தியம்: தினமும் நடப்பது

'நித்திய கண்டம் பூரண ஆயுசு' என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே நித்தியம் என்றால் என்றென்றைக்கும் என்பதல்ல, தினந்தோறும். தினம் ஒரு கண்டம், ஆனாலும் முழு ஆயுள். நித்திய பூஜை, நித்தியப்படி எல்லாம் தினசரிக் காரியங்கள். நித்தியகல்யாணிப் பூ தினம் பூக்கிறது. மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் திருவிடந்தையில் பெருமாளுக்கு நித்தியகல்யாணப் பெருமாள் என்று பேர். நாளுக்கு ஒரு பெண்ணாக வருஷம் முழுவதும் மணந்தார் என்பது தலபுராணம்.

எப்போதும் இருப்பதும் தினமும் நடப்பதும் எப்படி ஒரே சொல்லில் வந்தன என்பதைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைப்பவர் 'சந்திராதித்தவல்' எரிய வேண்டும் என்று வெட்டி வைப்பார், அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அதற்காக விளக்கு ஒன்றுக்கு 90 ஆடு, அல்லது 96 ஆடு கொடுப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 96. அந்த ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் 'நிசதம் உழக்கு' நெய் அளக்க வேண்டும். நிசதம் என்றால் தினமும். ஆடு செத்துப்போகாதா என்றால், அந்த ஆடுகளுக்கே 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர் வைத்தார்கள். சாகாது, மூப்படையாது. செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து வந்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் பொறுப்பு. ஆட்டுக்கு ஆயுள் உண்டு, மந்தைக்குக் கிடையாது. ஐ.நா. பாதுகாப்புச் சபையின் நிரந்தர நாற்காலியும் இப்படித்தான். 1971-இல் சீனத்தின் இடத்தில் தைவானின் தைபே அரசு எழுந்து பெய்ஜிங் அரசு உட்கார்ந்தது. 1991-இல் சோவியத் போய் ரஷ்யா வந்தது. நாற்காலி மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தச் சொல்லின் செலவு அதன் மதவாடை. சிவன் கோயிலாகட்டும், தேவாலயமாகட்டும், 'நித்திய' என்றதும் சாம்பிராணிப் புகை வந்துவிடும். வங்கித் துண்டறிக்கையில் 'நித்திய வைப்பு' என்றால் சிரிப்பார்கள். தேவாலயத்துக்குள்ளேயே இரண்டு வழக்கு. பழைய புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் யோவான் 3:16-இல் 'நித்தியஜீவன்' என்று வரும். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்காரரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'நிலைவாழ்வு'. நிலைவாழ்வு நல்ல தமிழ், எனக்குப் பிடித்த ஆக்கம். ஆனால் சின்ன வயதிலிருந்து நித்தியஜீவன் என்று மனப்பாடம் செய்தவருக்கு அது இன்னும் வெளியூர்க்காரர் மாதிரித்தான்.

சாசுவதமும் அழியாததும்

சாசுவதம் ஒதுங்கிப்போய்விட்டது. கோயில் அறிவிப்புப் பலகையில் 'சாஸ்வத பூஜை', பழைய பத்திரத்தில் 'சாசுவத குத்தகை' என்று இரண்டு மூன்று இடத்தில் பார்க்கலாம். அங்கே அப்படியே விட்டுவிடுங்கள். புதிதாக எழுதும் எதிலும் எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

'அழியாத' என்பது கறைக்கும் கோலத்துக்கும் புகழுக்கும் பொருந்தும், எதிரே துடைக்கிற கை ஒன்று இருக்கும்போது. வாக்குச்சாவடியில் 1962 பொதுத்தேர்தலிலிருந்து வைக்கிற மைக்கு அழியா மை என்று பெயர். சில வாரங்களில் நகம் வளர்ந்து அதுவும் போய்விடும். சோப்புக்கு அழியாது என்பதுதான் அதன் உரிமைகோரல், காலத்துக்கு அல்ல.

பேச்சில்

தெருவில் நிரந்தரம் என்று சொல்பவர் குறைவு. "வேலை பெர்மனென்ட் ஆயிடுச்சா, இல்ல இன்னும் கான்ட்ராக்ட்தானா?" என்றுதான் கேட்கிறார்கள். கதையில் பேச்சு எழுதும்போது இதை மாற்றித் தமிழ்ப்படுத்தினால் பாத்திரம் செத்துப்போகும். துபாயிலிருந்து திரும்பியவரை "நிரந்தரமா வந்துட்டியா?" என்று கேட்பவரைவிட "ஒரேயடியா வந்துட்டியா?" என்று கேட்பவரே அதிகம். அந்த 'ஒரேயடியா'வில் இருக்கும் கேலியும் அக்கறையும் வேறெந்தச் சொல்லிலும் வராது. முந்தின தலைமுறையில் 'வேலை காயமாயிடுச்சு' என்றும் ஒரு வழக்கு இருந்தது, உருது வழியாக வந்தது. புண்ணுக்கும் பெருங்காயத்துக்கும் உடம்புக்கும் ஏற்கெனவே காயம் என்று சொல்லிக்கொண்டிருந்த மொழியில் அது ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

கடல் கடந்தால்

வெளிநாட்டில் தங்கும் உரிமையைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பல காலமாக 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதுகின்றன. இது சொல் தேர்வுத் தவறு மட்டுமில்லை, தகவலே தவறு. குடியுரிமை என்றால் ஓட்டும் பாஸ்போர்ட்டும் உண்டு. இந்த அனுமதியில் இரண்டும் கிடையாது. சிங்கப்பூரில் இதற்கு 'நிரந்தரவாசி' என்ற கச்சிதமான சொல் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. ஈழத்தமிழர்கள், கனடாவில் இருப்பவர்கள் உட்பட, 'நிரந்தர வதிவிட உரிமை' என்பார்கள். அந்த நிரந்தரத்துக்கும் நிபந்தனை உண்டு. கனடாவில் ஐந்து வருஷத்துக்கு 730 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும்.

கைக்கு அடக்கமாக ஓர் அட்டவணை:

| எழுதும் இடம் | நான் போடுவது | தவிர்ப்பது |
|---|---|---|
| வேலை, முகவரி, தடை உத்தரவு | நிரந்தர | நிலையான |
| ஆட்சி, வேகம், விலை | நிலையான | நிரந்தர |
| புகழ், நட்பு | நிலைத்த | நிரந்தர |
| இயற்கைவளம் காக்கும் வளர்ச்சி | நிலைபேறான, நீடித்த | வெறும் 'நிலையான' |
| வழிபாடு, மறுமை | நித்திய, நிலை- | நிரந்தர |
| கறை, மை | அழியாத | நித்திய |
| பேச்சு | பெர்மனென்ட், ஒரேயடியா | மேலே உள்ள எல்லாம் |

கடன் சங்கக்காரரிடம் 'நிலையான வைப்பு' என்றே போடச் சொன்னேன். வட்டியும் தவணையும் மாறாமல் நிற்பதுதான் அங்கே விஷயம். ஒரு வருஷத்தில் திருப்பித் தரப்போகும் பணத்துக்கு நிரந்தரம் எதற்கு? இலங்கை வங்கிகளில் அப்படித்தான் வழங்குகிறது. அவர் தயங்கினார், தமிழ்நாட்டில் 'நிரந்தர வைப்பு' என்று கேட்டே பழகிய கிழவர்கள் வேறு எதுவோ என்று நினைப்பார்களாம். அதுவும் நியாயம்தான். தலைப்பில் பழகிய சொல், கீழே விளக்கத்தில் 'வட்டி மாறாது' என்று முடிவானது. கனடா மகளின் அப்பா 'குடியுரிமை'யை எடுக்க மனமில்லாமல் எடுத்தார். மலரில் அது கொஞ்சம் கெத்தாக இருந்ததாம்.

நாசரேத்துக்காரரிடம் ஒன்றுதான் கேட்டேன்: அப்பா எந்த வேதாகமம் வாசிப்பார்? பழைய மொழிபெயர்ப்பு, அட்டை கிழிந்து நூல் போட்டுத் தைத்தது என்றார். அப்படியானால் பழைய வாசனை அப்பாவுடையதுதான், 'நித்திய' என்றே இருக்கட்டும் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, கல் வெட்டுபவர் புள்ளி எழுத்துக்கும் சேர்த்து எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்பதாகச் சொன்னார். இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். நித்திய நாலு, நிலையான நாலு, நிரந்தர ஐந்து.